ஃபயர்வால்ல ஒரு ஓட்டை

ரெண்டு மாசமா ஆணி ரொம்ப ஜாஸ்தி மக்களே. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஆணியும் இல்லை, கரண்ட்டும் இருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு காரோட கதையை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ஃபயர்வால்னு சொன்னதும் நம்மளை மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆபீஸ்ல எந்த சைட்டைத் திறந்தாலும் சிவப்பு எழுத்துல "அனுமதி இல்லை"ன்னு மிரட்டுற அந்த வில்லன் தான். ஆனா அந்தப் பேரு நம்ம துறைக்கு வந்ததெல்லாம் ரொம்பப் பின்னாடி. முதல்ல கட்டடங்கள்ல ஒரு பக்கம் தீப்பிடிச்சா அடுத்த பக்கம் பரவாம இருக்கக் கட்டின சுவருக்கு அந்தப் பேரு. அப்புறம் கார். முன்பக்கம் இன்ஜின் இருக்குற கார்ல, இன்ஜினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல நிக்கிற இரும்புத் தகடு தான் ஃபயர்வால். பிரிட்டிஷ்காரங்க இதை பல்க்ஹெட்னு சொல்வாங்க. சூடு, புகை, பெட்ரோல் வாசனை, சத்தம், தப்பித்தவறி தீ, இதெல்லாம் உள்ள வராம தடுக்குறது அதோட வேலை. ஸ்டீயரிங் ராடு, பெடல் கம்பிகள், ஒயருங்க எல்லாம் அதுல சின்னச் சின்ன ஓட்டை வழியாத் தான் போகும். ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் வளையம் போட்டு அடைச்சிருப்பாங்க. (நம்ம ஃபயர்வால்ல போர்ட்டைத் திறக்குறதும் இதே கதை தானே!)

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு சாஃப்ட்வேர். அந்தக் குற்ற உணர்ச்சியிலயே ராத்திரி நேரத்துல பழைய கார்களைப் பத்திப் படிச்சிட்டு இருப்பேன். அப்படிப் படிச்சப்போ மாட்டினது தான் சன்பீம் டைகர். இந்தக் காருக்கு ஒரு விசேஷம். எட்டு ஸ்பார்க் பிளக்ல ஏழை பானெட்டைத் திறந்து கழட்டலாம். எட்டாவதைக் கழட்டணும்னா காருக்குள்ள வந்து, கால் வைக்கிற இடத்துல குனிஞ்சு, ஃபயர்வால்ல இருக்குற ஒரு ரப்பர் மூடியைப் பிடுங்கி, அந்த ஓட்டை வழியா ஸ்பேனரை விடணும். கம்பெனியே போட்ட ஓட்டை அது. படிச்சதும் சிரிச்சேன். அப்புறம் ஏன் அப்படின்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, அந்தக் காரோட ஜாதகமே இந்தச் சுவர்ல தான் எழுதியிருக்குன்னு புரிஞ்சது.

*

கதை இங்கிலாந்துல ஆரம்பிக்குது. ரூட்ஸ் குரூப்னு ஒரு பெரிய கார் கம்பெனி. ஹில்மன், ஹம்பர், சிங்கர், சன்பீம் எல்லாம் அவங்க பிராண்டு தான். 1959ல சன்பீம் ஆல்பைன்னு ஒரு ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. பார்க்க லட்சணமான வண்டி. ஆனா உள்ள இருந்தது ஒன்றரை லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின், சுமார் 80 குதிரைத்திறன். அமெரிக்காவுல விக்கணும்னா அது பத்தாது. இதே இன்ஜினைத் தேத்திக் குடுங்கன்னு ஃபெராரிகிட்டயே போய்ப் பேசிப் பார்த்தாங்க. அந்தப் பேச்சு படியலை.

1962ல ஃபார்முலா ஒன் சாம்பியன் ஜாக் பிராபம் ஒரு யோசனை சொல்றார். ஆல்பைன்ல ஒரு அமெரிக்க வி8 இன்ஜினை ஏன் வைக்கக் கூடாதுன்னு. ரூட்ஸோட ரேஸ் பிரிவு மேனேஜர் நார்மன் காரட் காதுல இதைப் போட, அவர் மகன் இயன் காரட்கிட்ட சொல்றார். இயன் அப்போ கலிபோர்னியாவுல ரூட்ஸோட விற்பனை மேனேஜர். அதே வருஷம் தான் அதே ஊர்ப் பக்கம் கரோல் ஷெல்பி, ஏசி கம்பெனியோட குட்டி இங்கிலீஷ் காருக்குள்ள ஃபோர்டு வி8ஐத் திணிச்சு கோப்ராங்கிற பேர்ல ஊரைக் கலக்கிட்டு இருந்தார். (2019ல வந்த ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி படத்துல மேட் டேமன் நடிச்சாரே, அவரே தான்.)

எந்த வி8 உள்ள போகும்? இதைக் கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இயன் தன் சர்வீஸ் மேனேஜர் வால்டர் மெக்கென்சியைக் கூப்பிட்டு, ஒரு மர அளவுகோலைக் கையில குடுத்து, ஊர்ல இருக்குற மத்த கம்பெனி ஷோரூமுக்கெல்லாம் போய் இன்ஜின்களை அளந்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டார். கம்ப்யூட்டரும் இல்லை, வரைபடமும் இல்லை. அவர் திரும்பி வந்து சொன்ன பதில்: ஃபோர்டோட 260 கன அங்குல வி8 உள்ள போகும். அதாவது 4.3 லிட்டர்.

நீளத்துல பார்த்தா ஆல்பைனோட நாலு சிலிண்டர் இன்ஜினை விட அது மூணரை அங்குலம் தான் அதிகம். பிரச்சினை அகலம். வி8ல நாலு நாலு சிலிண்டரா ரெண்டு வரிசை, 'வி' எழுத்து மாதிரி ரெண்டு பக்கமும் சாஞ்சு நிக்கும். அந்த ஃபோர்டு இன்ஜின்ல ஸ்பார்க் பிளக், புகை போற குழாய் எல்லாம் அந்த ரெண்டு வரிசைக்கும் வெளிப்பக்கம். அதாவது இடம் எங்க இல்லையோ அங்க தான் கையை விட்டாகணும்.

*

ஷெல்பி ஒரு மாதிரி வண்டி செஞ்சு குடுக்க 10,000 டாலரும் எட்டு வாரமும் கேட்டார். அந்தப் பணத்துக்கு இயன் போய் நின்னது ரூட்ஸ் பிரபுவோட மகன் பிரையன் ரூட்ஸ்கிட்ட. அவர் சரின்னுட்டார், ஆனா இப்போதைக்கு அப்பா காதுக்குப் போகாம பார்த்துக்கச் சொன்னாராம். விளம்பரக் கணக்குல இருந்து எப்படியாவது சரிக்கட்டிக்கலாம்னு திட்டம். நம்ம ஆபீஸ்ல மேனேஜருக்குத் தெரியாம ஓட்டுற சைடு புராஜெக்ட்டெல்லாம் ஞாபகம் வருது இல்லையா?

இயனுக்கு அந்த எட்டு வாரம் கூடப் பொறுக்கலை. உண்மையிலேயே உள்ள போகுமான்னு உடனே பார்க்கணும். அதனால கென் மைல்ஸ்கிட்ட (அதே படத்துல கிறிஸ்டியன் பேல் நடிச்ச ஆள்) ஒரு ஆல்பைன், ஒரு 260 வி8, ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 800 டாலர் குடுத்தார். மைல்ஸ் ஒரு வாரத்துல வண்டியை ஓட வச்சுட்டார். கிட்டத்தட்ட அதே சமயம், 1963 வசந்த காலத்துல, ஷெல்பி பட்டறையிலயும் வேலை முடிஞ்சது. அவங்க செஞ்சது தான் முறையான வண்டி. பழைய ஸ்டீயரிங் பெட்டி இன்ஜினுக்கு இடைஞ்சலா இருந்ததால அதைத் தூக்கிட்டு ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் மாட்டினாங்க. எள்ளு போட்டா எள்ளு விழாத அளவுக்கு இன்ஜின் உள்ள உக்காந்துடுச்சு.

1963 ஜூலையில வண்டி கப்பலேறி இங்கிலாந்து போச்சு. தனக்குத் தெரியாம நடந்த வேலைன்னு ரூட்ஸ் பிரபுவுக்குக் கோபம் இருந்திருக்கும். ஆனா மனுஷர் தானே எடுத்து ஓட்டிப் பார்த்தார், இறங்கும்போது மனசு மாறிட்டார். நேரா ஹென்றி ஃபோர்டு 2கிட்ட பேசி 3,000 இன்ஜினுக்கு ஆர்டர் குடுத்தார். அதோட நிக்கலை. 1964 ஏப்ரல் நியூயார்க் மோட்டார் ஷோவுல வண்டி நிக்கணும்னு சொல்லிட்டார். கையில இருந்தது எட்டு மாசம் சொச்சம். சாதாரணமா ஒரு கார் யோசனையா இருந்து ரோட்டுக்கு வர அந்தக் கம்பெனிக்கு மூணு நாலு வருஷம் பிடிக்கும்.

இப்பப் புரிஞ்சிருக்குமே, இது எங்க போய் முட்டப் போகுதுன்னு.

*

நிதானமா மூணு வருஷம் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? ஃபயர்வாலைத் தயாரிக்கிற அச்சையே மாத்தியிருப்பாங்க. சுவரைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி, இன்ஜினைச் சுத்திக் கை போற அளவுக்கு இடம் விட்டிருப்பாங்க. ஆனா தகடு அடிக்கிற பெரிய அச்சை மாத்துறதுங்கிறது காசு, நேரம் ரெண்டையும் முழுங்குற வேலை. ஆல்பைனும் அதே பாடியில தான் வந்துட்டு இருந்தது. அதனால ஆல்பைன் பாடியை ஆல்பைன் பாடியாவே வச்சுக்கிட்டு, அங்கங்க வெட்டி ஒட்டுறதுன்னு முடிவு.

ரூட்ஸோட சொந்தத் தொழிற்சாலையில இதைச் செய்ய வசதியில்லை. வெஸ்ட் பிராம்விச்ல இருந்த ஜென்சன் கம்பெனிகிட்ட வேலையைக் குடுத்தாங்க. தனக்கே இந்த ஒப்பந்தம் வரும்னு ஷெல்பி நம்பிட்டு இருந்தார். அவர் ஃபோர்டுக்கு ரொம்ப நெருக்கம்னு ரூட்ஸுக்கு ஒரு தயக்கம். கடைசியில விக்கிற ஒவ்வொரு காருக்கும் ஒரு ராயல்ட்டின்னு பேசி முடிச்சாங்க.

ஜென்சனுக்குப் பாடி வந்தது கௌலியில இருந்த பிரஸ்டு ஸ்டீல் தொழிற்சாலையில இருந்து. பெயின்ட் அடிச்சு, உள் அலங்காரமெல்லாம் முடிச்சு, பளபளன்னு வரும். இன்ஜினும் கியர்பாக்ஸும் அமெரிக்காவுல இருந்து வரும். ரெண்டையும் சேர்க்கும்போது, பெயின்ட் அடிச்ச அந்த ஃபயர்வாலை ஒரு தொழிலாளி சம்மட்டியால அடிச்சு ஒரு பக்கம் நசுக்குவார். அப்பத் தான் இன்ஜின் வழுக்கிக்கிட்டு உள்ள இறங்கும். ஏதோ ஒண்ணு ரெண்டு வண்டிக்கு இல்லை சாமி, உற்பத்தி முறையே அது தான்! மாசத்துக்கு 300 கார் வரைக்கும் இப்படி வெளிய அனுப்பியிருக்காங்க.

இன்ஜின் உள்ள போயிடுச்சு. வித்தாச்சு. சர்வீஸுக்கு வரும்போது தானே தெரியும். ஆயில் ஃபில்டர் இன்ஜினோட இடது பக்கம் கீழ இருந்தது, அங்க கை போகாது. அதனால அதை வலது பக்கம் மேல, ஜெனரேட்டருக்குப் பின்னாடி இடம் மாத்தினாங்க. பிளக்குல ஏழுக்கு எப்படியோ வழி கிடைச்சது. இடது வரிசையில கடைசியா, ஃபயர்வாலை ஒட்டி நின்ன அந்த ஒரு பிளக்குக்கு மட்டும் மேல இருந்தும் வழியில்லை, பக்கத்துல இருந்தும் வழியில்லை. பாக்கி இருந்தது ஒரே திசை: காருக்குள்ள இருந்து. போட்டாங்க ஃபயர்வால்ல ஓட்டை. மாட்டினாங்க ரப்பர் மூடி.

அந்தக் காலத்துப் பிளக்கெல்லாம் இப்ப மாதிரி லட்சம் கிலோமீட்டர் ஓடாது. சில ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கழட்டி, கரியைச் சுரண்டி, இடைவெளி பார்த்து, திரும்ப மாட்டணும். ஒவ்வொரு தடவையும் அமெரிக்க மெக்கானிக் ஒருத்தர் சீட்டுக்கு முன்னாடி மண்டி போட்டு, பெடலுக்குப் பக்கத்துல தலையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத பிளக்கை நீட்டு ஸ்பேனரால தடவிக் கண்டுபிடிக்கணும். கொஞ்சம் கோணலா வச்சா பீங்கான் உடைஞ்சிடும். வேலை முடிஞ்சு மூடியைச் சரியா அமுக்கலைன்னா, இன்ஜின் சூடும் வாடையும் நேரா ஓட்டுறவர் காலுக்கு. சுவர் எதுக்காக நின்னதோ அந்த வேலையே அந்த ஒரு ஓட்டையில போயிடும்.

*

ஆனா ஒண்ணு சொல்லணும். வண்டி சும்மா பறந்தது. 164 குதிரைத்திறன். ஆல்பைனை விட ரெண்டு மடங்கு. முதல்ல தண்டர்போல்ட்னு பேர் வைக்கிறதா இருந்தாங்க. கடைசி நேரத்துல டைகர்னு மாத்தினாங்க, 1926ல உலக வேக சாதனை படைச்ச அவங்க பழைய சன்பீம் டைகர் ஞாபகமா. கெட் ஸ்மார்ட்ங்கிற டிவி சீரியல் தொடக்கக் காட்சியில வந்து ஊருக்கே தெரிஞ்ச வண்டியாச்சு. வண்டி வந்த 1964லயே, டிசம்பர் மாசம் ரூட்ஸ் பிரபு காலமாகிட்டார்.

அதே 1964ல இன்னொண்ணும் நடந்தது. பணக்கஷ்டத்துல இருந்த ரூட்ஸ்ல கிரைஸ்லர் கம்பெனி பங்கு வாங்குச்சு. அப்புறம் மொத்தமாவே கைக்குள்ள கொண்டு வந்துடுச்சு. இப்ப கிரைஸ்லருக்குத் தர்மசங்கடம். தன் கம்பெனி கார்ல பரம எதிரி ஃபோர்டோட இன்ஜின்! பக்கவாட்டுல இருந்த ஃபோர்டு பேர் பேட்ஜை எடுத்துட்டு சன்பீம் வி8னு பேட்ஜ் ஒட்டினாங்க. பேட்ஜை மாத்தலாம், இன்ஜினை?

கிரைஸ்லர்கிட்ட சொந்தமா வி8 இல்லாமலா? 273 கன அங்குலத்துல சின்ன வி8 இருந்தது. ஆனா ஃபோர்டு இன்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், ரேடியேட்டர் பக்கம் இருக்கும். கிரைஸ்லர் இன்ஜின்ல அது பின்பக்கம். எட்டு பிளக்குக்கும் முறை வச்சு கரண்ட் அனுப்புற பாகம் அது. உள்ள இருக்குற பாயின்ட்டைப் பார்க்க, டைமிங் வைக்க அடிக்கடி கை போயாகணும். பின்பக்கம்னா எங்க? நேரா ஃபயர்வால்ல போய் முட்டும். ஏற்கனவே சம்மட்டியால அடிச்சு இடம் பண்ணின சுவர். இதுக்கு மேல அடிக்க என்ன இருக்கு?

கிரைஸ்லர்கிட்ட டிஸ்ட்ரிபியூட்டர் முன்னாடி இருக்குற பெரிய வி8களும் இருந்தது. அது அந்த பானெட்டுக்குள்ள நுழையவே நுழையாது. 1967 ஆரம்பத்துல 289 கன அங்குல, 200 குதிரைத்திறன் ஃபோர்டு இன்ஜினோட மார்க் 2 கொஞ்சம் வந்தது. அதே வருஷம் டைகருக்கு மூடுவிழா. மொத்தமே 7,000 சொச்சம் கார் தான்.

பாருங்க, வித்துட்டு இருந்த ஒரு கார் நின்னு போனதுக்குக் காரணமா ரெண்டு கம்பெனி சண்டையைத் தான் எல்லாரும் சொல்வாங்க. அது உண்மை தான். ஆனா அந்தச் சுவருக்கு முன்னாடி ஒரு நாலு விரல்கடை இடம் விட்டிருந்தா, கிரைஸ்லர் தன் இன்ஜினையே வச்சு டைகரை ஓட்டியிருக்கலாம். எட்டு மாச அவசரத்துல விடாத அந்த நாலு விரல்கடை, மூணு வருஷம் கழிச்சு வண்டி கழுத்தைப் பிடிச்சது.

*

சன்பீம்காரங்க மட்டும் தான் இப்படின்னு நினைக்காதீங்க. ஃபெராரி எஃப்355னு 1994ல வந்த காருக்கு டைமிங் பெல்ட் மாத்தணும்னா இன்ஜினை மொத்தமாக் கீழ இறக்கணும். இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி இருக்குற கார் அது. பெல்ட் இருக்கிறதோ இன்ஜினோட முன்பக்கம், அதாவது நம்ம முதுகுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வாலை ஒட்டி. 1999ல வந்த 360 மொடேனாவுல தான் சீட்டுக்குப் பின்னாடி சுவர்ல திறக்குற மாதிரி ஒரு கதவுத் தகடு வச்சாங்க. சீட்டை நகர்த்து, தகட்டைக் கழட்டு, பெல்ட்டை மாத்து. இன்ஜின் இருந்த இடத்துலயே இருக்கும்.

ரெண்டுமே ஃபயர்வால்ல போட்ட ஓட்டை தான். ஆனா வித்தியாசம் இருக்கு. 360ல அது வரைபடத்துலயே வந்த ஓட்டை. விளிம்புக்குப் பலம், சுத்தி சீல், போல்ட்டு எல்லாம் யோசிச்சுப் பண்ணினது. டைகர்ல வண்டி முடிஞ்சப்புறம், ஐயய்யோ இந்தப் பிளக்கை எப்படிடா கழட்டுறதுன்னு யாரோ கேட்டப்புறம் வந்த ஓட்டை.

இந்த இடத்துல என் சொந்தக் கதை ஒண்ணு. சில வருஷத்துக்கு முன்னாடி, பேர் வேண்டாம், ஒரு கம்பெனியில நானும் இன்னும் மூணு பேரும் ஒரு சாஃப்ட்வேரை மூணு மாசத்துல முடிச்சுக் குடுத்தோம். தேதி முன்னாடியே வாடிக்கையாளர்கிட்ட சொல்லியாச்சு. நேரம் பத்தலை. எதை வெட்டினோம் தெரியுமா? உள்ள என்ன நடக்குதுன்னு எழுதி வைக்கிற லாக்கை. அது இல்லாட்டியும் டெமோ ஓடுமே! டெமோ நல்லா ஓடுச்சு, கேக் வெட்டினோம். ரெண்டு மாசம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு அது படுத்துக்கிச்சு. சப்போர்ட்ல இருந்த பையன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் கூட ஆகலை, எங்க பிரச்சினைன்னு பார்க்க வழியே இல்லாம விடியற வரைக்கும் தடவிட்டு இருந்தான். காலையில நான் ஆபீஸுக்குள்ள நுழையும்போது அவன் கண்ணு சிவந்து உக்காந்திருந்தான். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டலை. "எங்கண்ணா பார்க்கிறது இதை?"ன்னு தான் கேட்டான். எங்கிட்ட பதில் இல்லை. அன்னைக்குச் சாயங்காலம் ஓடிட்டு இருக்குற சிஸ்டத்துல அவசர அவசரமா ஒரு ஓட்டை போட்டு லாக் எடுத்தோம். ரப்பர் மூடி மாட்டினோம்னு வச்சுக்கங்களேன்.

டைகர் கதையைப் படிச்சப்போ எனக்கு ஷெல்பி முகமோ ரூட்ஸ் பிரபு முகமோ ஞாபகம் வரலை. அந்தப் பையன் முகம் தான் வந்தது. பத்தாயிரம் டாலர், எட்டு வாரம், எட்டு மாசம், எல்லாத்துக்கும் கணக்குப் போட்டாங்க. மெக்கானிக் கை எவ்வளவு பெருசுன்னு மட்டும் யாரும் அளக்கலை. இத்தனைக்கும் அளவுகோலை எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் அளந்துட்டு வந்தவர் ஒரு சர்வீஸ் மேனேஜர்!

*

கடைசியா ஒரு வேடிக்கை. இன்னைக்கு நல்ல நிலையில இருக்குற டைகர், ஆல்பைனை விடப் பல மடங்கு விலை போகுது. ரெண்டும் ஒரே பாடிங்கிறதால ஆல்பைனுக்குள்ள வி8ஐ வச்சு டைகர்னு விக்கிற வேலையும் நடக்குது. அந்த மாதிரி வண்டிக்கு ஆல்ஜர்னே ஒரு செல்லப் பேர் உண்டு. அதனால அமெரிக்காவுல டைகர் வச்சிருக்குறவங்க சங்கமே அசலா போலியான்னு சோதிச்சுச் சான்றிதழ் குடுக்குது. எஞ்சின் நம்பரை எல்லாம் எங்கயாவது தேடிப் பிடிச்சு ஒட்டிடலாம். ஆனா ஜென்சன் பட்டறையில அந்தத் தகட்டுல பண்ணின வெட்டும் மாத்தமும் அப்படியே இருக்கான்னு பார்த்தா குட்டு வெளிப்பட்டுடும்.

அதனால இன்னைக்கு டைகர் வச்சிருக்குற ஒருத்தர், வயசான காலத்துல குனிய முடியலை, ஃபயர்வால்ல பெருசா ஒரு கதவு வெட்டி போல்ட்டு போட்டுக்கலாம்னு நினைச்சா, ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிக்கணும். வேலை சுலபமாகும். வண்டியோட பிறப்புச் சான்றிதழ்ல கை வச்ச மாதிரியும் ஆகும். அவசரத்துல அடிச்ச சம்மட்டித் தழும்பை இன்னைக்குப் பொத்திப் பொத்திப் பாதுகாக்குறாங்க மக்களே!

என்னைக் கேட்டா? நான் வெட்ட மாட்டேன். மண்டி போட்டு, மூடியைப் பிடுங்கி, அந்த ஓட்டை வழியாவே ஸ்பேனரை விடுவேன். ஒவ்வொரு தடவையும் அந்த மெக்கானிக்குகளையும் ராத்திரி ரெண்டு மணிப் பையனையும் நினைச்சுக்குவேன். (முதல்ல டைகர் வாங்கக் காசு வேணும், அது வேற விஷயம். ஹி ஹி.)

டிஸ்கி: நாளைக்கு ஒரு ரிலீஸ் இருக்கு. இந்தத் தடவை லாக்கை எல்லாம் முதல்லயே எழுதி வச்சுட்டேன். அதுக்காக ரெண்டு வசதியைக் குறைச்சதுல மேனேஜருக்குக் கொஞ்சம் வருத்தம். பரவாயில்லை. சப்போர்ட்ல இந்த வாரம் ராத்திரி டியூட்டி யாருன்னு கேட்டுக்கிட்டேன், அதே பையன் தான்.